பருத்தியின் உற்றார் உறவினர்

மேற்கே மலைத்தொடர் நீலமாய் நிற்க, கிழக்கே சங்கரன்கோயில் திசை நோக்கிச் செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி விரியும் நிலத்தில் அமைந்த ஊர் ராயகிரி. அங்கே பயிரிடுவோரும் உண்டு. அவ்வட்டாரத்தில் தறியை நம்பி வாழ்வோரும் பலர். சென்ற பருத்திப் பருவத்தில் நாம் அவ்வூர்ப் பக்கம் சென்றிருந்தபோது, விவசாயி ஒருவர் தம் தோட்டத்து வரப்பில் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணாச்சி, இந்தப் பக்கம் வெண்டை, அந்தப் பக்கம் பருத்தி. வெண்டைக்காயைத் துளைத்த அதே புள்ளிப் புழு பருத்திக் காயையும் துளைக்கிறது. வரப்பில் நிற்கும் பூவரசங் காயில் மொய்க்கும் சிவப்புப் பூச்சி பருத்தி வெடித்ததும் இங்கே வந்து விடுகிறது. நடுவே நிற்கும் சோளத்தை இரண்டும் தொடுவதில்லை. பூச்சிக்கு மட்டும் இந்த அடையாளம் எப்படித் தெரிகிறது?”

கேள்வி எளிது, விடையோ மிகப் பெரிய ஒரு விஞ்ஞானத்தின் வாசலுக்கே நம்மைக் கொண்டு செல்கிறது. பூச்சி கண்டுகொண்டது உறவை. பருத்தியும் வெண்டையும் பூவரசும் ஒரே குடும்பம். உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிட்டு, அவற்றுள் எது எதற்கு எவ்வளவு நெருங்கிய உறவு, எந்த மூதாதையிலிருந்து எவை எவை கிளைத்தன என்று வழிவழியாகத் தேடிக் காணும் கல்வியே வகைப்பாட்டியல் எனப்படுவது. இது பல்கலைக்கழகத்தாருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது தவறு. பருத்தியை விளைப்போரும் அதன் நூலை நெய்வோரும் இதை அறிந்துகொள்ளத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெயரிட்டோர்

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில், தாம் அறிந்த தாவரம் ஒவ்வொன்றுக்கும் இரு சொற்களாலான பெயரைத் தந்தார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல் இனத்தைக் குறிக்கும். பருத்தியின் பேரினத்துக்குக் காசிப்பியம் என்பது பெயர். நமது கரிசலின் கருங்கண்ணி, காசிப்பியம் ஆர்போரியம் என்ற இனத்தைச் சேர்ந்தது. உப்பம் என்று முன்னோர் வழங்கிய பருத்தி, காசிப்பியம் ஹெர்பேசியம். பிற்காலத்தில் வந்த அமெரிக்கப் பருத்தி, காசிப்பியம் ஹிர்சூட்டம். மிக நீண்ட இழை தரும் எகிப்தியப் பருத்தியும் கடல்தீவுப் பருத்தியும் காசிப்பியம் பார்படென்ஸ். உலகில் ஐம்பதுக்கு மேற்பட்ட காசிப்பிய இனங்கள் உண்டு. எனினும், மனிதன் பயிரிட்டு நூல் நூற்றவை இந்நான்கே.

இக்கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. லின்னேயஸிடம் பயின்ற கோனிக் என்ற மருத்துவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, நம் கடற்கரைத் தாவரங்களை ஆசிரியரின் முறைப்படி ஆராய்ந்தார். அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், குற்றால மலைச்சாரல் முதலான இடங்களில் செடிகளைச் சேகரித்து, 2,000-க்கு மேற்பட்ட படங்கள் கொண்ட நூல்தொகுதியை 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர் இருவரின் கைவண்ணம் அவருக்குப் பெருந்துணையாயிற்று. பூவைப் பிளந்து, சூலகத்தை அறுத்து, கண்டதைக் கண்டவாறே தீட்டிய அவர்களின் உழைப்பையும் நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.

இந்த வைட்டையே கிழக்கிந்தியக் கம்பெனியார் 1842-இல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளுக்குத் தலைவராக்கினர். பதினோராண்டுகள் அவர் பாடுபட்டார். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. தாவரங்களின் உறவை அவரைவிட நன்கு அறிந்தோர் அன்று தென்னாட்டில் இலர். ஆயினும் நாட்டுப் பருத்திக்கும் அமெரிக்கப் பருத்திக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதைக் காணும் கருவி அக்காலத்தில் எவரிடத்தும் இல்லை. அந்த விடை கிடைக்க இன்னும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

முகச்சாயலும் பிறப்புறவும்

உறவை எவ்வாறு காண்பது? சாயலைக் கொண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் சாயல் ஏமாற்றும்.

எருக்கங்காய் வெடித்தால் வெண்பஞ்சு பறக்கிறது. இலவங்காய் வெடித்தாலும் பஞ்சு. பருத்திக்காய் வெடித்தாலும் பஞ்சு. ஆகவே மூன்றும் உறவு என்று ஒருவர் சொன்னால் அது பிழை. பருத்தியின் பஞ்சு விதையின் தோலிலிருந்து வளரும் மயிர். விதையைப் பற்றி நிற்பதால்தான் அதைப் பிரிக்க ஜின்னிங் ஆலை வேண்டியிருக்கிறது. இலவம்பஞ்சு காயின் உட்சுவரில் தோன்றுவது. ஆகையால் விதை தானாகவே உதிர்ந்துவிடும். எருக்கின் பஞ்சோ விதையின் ஒரு முனையில் குடுமிபோல் நிற்பது. எருக்குச் செடி வேறு குடும்பம். பயன் ஒன்றாகையால் தோற்றம் ஒத்துப் போயிற்றே தவிர, பிறப்பு ஒன்றன்று.

மாறாக, வெண்டைச் செடிக்கும் பூவரச மரத்துக்கும் உருவத்தில் என்ன ஒற்றுமை? பூவைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். ஐந்து இதழ்கள், மகரந்தக் கேசரங்கள் யாவும் அடியில் கூடி ஒரு குழாயாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்கும். செம்பரத்தையிலும், வேலியோரத் துத்தியிலும், பருத்தியிலும் இதே அமைப்பு. வெண்டைக்காயின் வழவழப்பை வீட்டில் அறிவோம். தலைக்குத் தேய்க்கும் செம்பரத்தை இலையிலும் அதே வழவழப்பு. பூவரசுக்கும் பருத்திக்கும் உறவு இன்னும் நெருக்கம். பருத்திக் கொட்டையை உடைத்தால் காணும் கரும்புள்ளிகளில் காசிப்பால் என்ற நச்சுப் பொருள் உண்டு, அதே பொருள் பூவரசிலும் உண்டு, வெண்டையில் இல்லை. ஆகவே மூவரும் ஒரே குடும்பத்தார் என்றாலும், பூவரசும் பருத்தியும் ஒரே கிளையார்.

இனி இலவத்தின் கதை. பஞ்சை வைத்து அதைப் பருத்திக்கு உறவாக்கக் கூடாது என்று மேலே சொன்னோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் தாவர நூலார் அதனைத் தனிக் குடும்பமாகவே வைத்திருந்தனர். பின்னர் உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்ததில், இலவமும் பருத்திக் குடும்பத்துக்குள்ளேயே அடங்கும் என்று கண்டு, 1998-இல் வெளியான புதிய வகைப்பாட்டில் இரண்டையும் சேர்த்துவிட்டனர். முடிவு சரியாயிருப்பது மட்டும் போதாது. அதற்குக் காட்டும் காரணமும் சரியாயிருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தறியில் ஒரு பாடம்

டி.என்.ஏ.யைக் கொண்டு வமிசாவளியைக் காணும் வழியை நெசவாளர் எளிதில் உணரலாம். ஓர் ஊரில் கோபுரக் கரை ஒன்று நெய்யப்படுகிறது என்று கொள்வோம். அதைக் கற்ற சீடர் ஒருவர் கை தவறி ஓர் இழையை விட்டு நெய்கிறார். அவரிடம் கற்றவர்கள் யாவரும் அந்த விடுபாட்டோடே நெய்வார்கள். அவர்களுள் ஒருவர் இன்னோர் இழையை மாற்றுகிறார். அவர் வழியினரிடம் இரண்டு மாற்றங்களும் இருக்கும். பல ஆண்டுகள் கழிந்தபின் பத்து ஊர்ச் சேலைகளை ஒருங்கே விரித்து, எந்த மாற்றம் எந்தச் சேலைகளில் பொதுவாக உள்ளது என்று கணக்கெடுத்தால், யார் யாரிடம் கற்றார் என்பதை அவர்களைக் கேளாமலே சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லாச் சேலையிலும் கோபுரம் இருப்பது கிளை பிரித்தறியப் பயன்படாது; அது மூல ஆசிரியரிடமிருந்தே வந்தது. இடையே தோன்றி, சிலரிடம் மட்டும் பொதுவாயுள்ள மாற்றமே கிளையைக் காட்டும். இரண்டு பேர் தனித்தனியே ஒரே பிழையைச் செய்வதும் உண்டு; ஆகையால் ஓர் இழையை நம்பாமல் பல இழைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டி.என்.ஏ. என்பது தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் அத்தகைய நெசவே. அதில் எப்போதாவது விழும் எழுத்து மாற்றங்களே உறவின் சாட்சிகள்.

அயலார் என்று நினைத்தவர் பங்காளியானார்

இந்தக் கல்வி தந்த வியப்பான செய்திகளுள் ஒன்று நமது பருத்தியைப் பற்றியதே.

ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுப் பொருள் குரோமோசோம்கள் என்ற இழைகளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கருங்கண்ணிக்கும் உப்பத்துக்கும் குரோமோசோம்கள் 26. அதாவது 13 ஜோடி. அமெரிக்கப் பருத்திக்கும் எகிப்தியப் பருத்திக்கும் 52. கருங்கண்ணியை அமெரிக்கப் பருத்தியோடு கலந்தால் விதை பிடிப்பதே அரிது. பிடித்தாலும் பிறக்கும் செடிக்கு 39 குரோமோசோம்கள்; பதின்மூன்று ஜோடி சேரும், மீதி பதின்மூன்றும் துணையின்றி நிற்கும். அச்செடி மலடு. கொள்வினை கொடுப்பினைக்கு இடமில்லாத இந்த நிலையே வெவ்வேறு இனம் என்பதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று.

ஆயின் 52 எவ்வாறு வந்தது? ஸ்கோவ்ஸ்டெட் என்ற ஆராய்ச்சியாளர் 1934-இல் ஒரு குறிப்பைக் கண்டார். அமெரிக்கப் பருத்தியின் குரோமோசோம்களில் பாதி பெரியவை, பாதி சிறியவை. பெரியவை ஆசியப் பருத்தியினுடையவற்றைப் போன்றவை. சிறியவை அமெரிக்கக் கண்டத்துக் காட்டுப் பருத்திகளுடையவற்றைப் போன்றவை. இரண்டு குலமும் என்றோ கலந்து, எண்ணிக்கை இரட்டித்துப் பிறந்த பிள்ளையே இப்பயிர் என்று அவர் கருதினார். 1940-இல் டெக்சாஸில் பீஸ்லி என்பவர் இதைச் செய்தே காட்டினார். ஆர்போரியத்தையும், தர்பெரி என்ற அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் கலந்தார். பிறந்த மலட்டுச் செடிக்குக் கால்ச்சிசின் மருந்திட்டுக் குரோமோசோம்களை இரட்டித்தார். நம் நாட்டுக் கண்வலிக் கிழங்கிலும் உள்ள மருந்துதான் இது. இவ்வாறு உருவான செடி அமெரிக்கப் பருத்தியோடு கலந்து காய்த்தது.

அப்படியாயின் பழைய உலகத்துப் பருத்தி, பெருங்கடல் தாண்டி அமெரிக்காவுக்கு எப்படிச் சென்றது? 1947-இல் பருத்தியின் பரிணாமம் பற்றிப் பெருநூல் எழுதிய ஹட்சின்சன், சைலோ, ஸ்டீபன்ஸ் ஆகிய மூவரும் மனிதன்தான் கொண்டு சென்றிருப்பான் என்று கருதினர். இவர்களுள் ஹட்சின்சன் இந்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி நமது பருத்திகளை நேரில் அறிந்தவர். ஆனால் டி.என்.ஏ. மாற்றங்களின் கணக்கு வேறு சொல்கிறது. அக்கலப்பு நடந்தது ஏறக்குறைய பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்; நூல் நூற்கும் மனிதன் தோன்றுமுன்பே. விதை கடலில் மிதந்து சென்றிருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சில பருத்தி விதைகள் உப்புநீரில் பல வாரங்கள் கிடந்த பின்னும் முளைப்பதைச் சோதனையில் கண்டிருக்கின்றனர். பெரிய அறிஞர் சொன்னதாயினும் சான்று மாறினால் முடிவு மாறும். விஞ்ஞானத்தின் பெருமையே அதுதான்.

பெரு நாட்டின் ரைமாண்டி என்ற காட்டுப் பருத்தியின் மரபுத் தொகுதி முழுவதும் 2012-இலும், ஆர்போரியத்தினுடையது 2014-இலும், அமெரிக்கப் பருத்தியினுடையது 2015-இலும் படிக்கப்பட்டன. சிறிய குரோமோசோம்களைத் தந்தது ரைமாண்டியின் நெருங்கிய உறவினம். பெரியவற்றைத் தந்தது கருங்கண்ணிக்கும் உப்பத்துக்கும் நெருங்கிய உறவுடைய, இன்று அழிந்துபோன ஒரு பருத்தி. ரைமாண்டி முதலான அமெரிக்கக் காட்டுக் குலத்தில் நூற்கத் தக்க பஞ்சு இல்லை. நீண்ட பஞ்சு பழைய உலகக் குலத்தில் தோன்றிய பண்பு. எனவே இன்று உலகச் சந்தையை ஆளும் அமெரிக்கப் பருத்தி, தன் பஞ்சுச் செல்வத்துக்கு நமது நாட்டுப் பருத்தியின் குலத்தாருக்கே கடன்பட்டிருக்கிறது. அயலார் என்று நாம் நினைத்தவர் பங்காளியாக முடிந்தார்.

இதனால் ஆவதென்ன?

உறவை அறிவதால் வந்த பலன்களைப் பாருங்கள். 52 குரோமோசோம் உடைய இரண்டு இனங்களும் தம்முள் கலக்கும் என்பதால், 1972-இல் தார்வாரில் ஹிர்சூட்டத்தையும் பார்படென்ஸையும் கலந்து வரலட்சுமி என்ற வீரிய ஒட்டு உருவாயிற்று. 1974-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த சுவின், சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் சேர்த்து உண்டாக்கிய பார்படென்ஸ் ரகம். நூறாம் நம்பருக்கு மேற்பட்ட மெல்லிய நூலுக்கு அதன் இழை ஏற்றது. பீஸ்லி உண்டாக்கிய கலப்பினத்தின் வழியாக, பஞ்சே இல்லாத தர்பெரிக் காட்டுச் செடி, பிற்கால அமெரிக்க ரகங்களின் இழைக்கு வலிமை ஊட்டியது. உறவுமுறையை அறியாதவர் எவரேனும் நூலின் உறுதியைத் தேடி, பஞ்சில்லாத ஒரு காட்டுச் செடியிடம் சென்றிருப்பாரா?

பூச்சியை இனங் காண்பதிலும் இதே கதைதான். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி எனப் பல பயிர்களையும் வெள்ளையடித்தாற்போல் மூடிற்று. மருந்து அடித்தும் அடங்கவில்லை. அது நாம் முன்பே அறிந்த மாவுப்பூச்சிகளுள் ஒன்றன்று. 1992-இல் பெயரிடப்பட்ட பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற இனம் என்று அறிஞர் கண்டனர். இனம் தெரிந்ததும் சொந்த ஊர் தெரிந்தது. அது மெக்சிகோப் பகுதியது. ஊர் தெரிந்ததும் அங்கே அதை அடக்கி வைக்கும் எதிரியும் தெரிந்தது. அத்தகைய சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-இல் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் வயல்களில் விட்டனர். அடுத்த ஆண்டுக்குள் கொள்ளை அடங்கிற்று. ஒரு சரியான பெயர் எத்தனை குடும்பங்களின் பிழைப்பைக் காத்தது!

கருங்கண்ணியின் நிலை

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பெற்ற காலத்தில், திருநெல்வேலிப் பருத்தி என்று கப்பலேறிய சரக்கு உப்பமும் கருங்கண்ணியும் கலந்ததாயிருந்தது. அவற்றைப் பிரித்து, நல்ல கருங்கண்ணிச் செடிகளைத் தேர்ந்தெடுத்து, ‘கே’ என்ற எழுத்தும் எண்ணும் தாங்கிய ரகங்களை அந்நிலையத்தார் தந்தனர். 1947-இல் நாட்டின் பருத்திப் பரப்பில் மிகப் பெரும்பகுதி நாட்டு இனங்களே. இன்று வீரிய ஒட்டு அமெரிக்கப் பருத்தியே பெரும்பரப்பை ஆள்கிறது. கருங்கண்ணி கரிசலின் சிற்சில மூலைகளில் ஒதுங்கிவிட்டது. விளைச்சலும் இழை நீளமும் குறைவு என்பதால் விவசாயி அதைக் கைவிட்டதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. ஆலைகளும் நீண்ட இழையையே கேட்டன.

எனினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். 1990-களில் வடமேற்கு இந்தியாவில் இலைச்சுருள் நோய் அமெரிக்கப் பருத்தியை வாட்டியபோது, ஆர்போரியம் அந்நோய்க்கு இடங்கொடாமல் நின்றது. வானம் பொய்த்த ஆண்டிலும் ஆழ வேரூன்றித் தாங்கும் குணமும் அதற்கு உண்டு. இக்குணங்கள் இன்று வேண்டாதவையாகத் தோன்றலாம். நாளை ஒரு புதிய நோய் வந்தால் எங்கே தேடுவோம்? அமெரிக்கப் பருத்திக்குப் பஞ்சு தந்த அந்த மூதாதை அழிந்தது மனிதன் அறியாத காலத்தில். நம் கண் முன்னே இருக்கும் கிளை அழிந்தால் அந்தச் சாக்கு நமக்குக் கிடையாது.

ஆதலின் அங்கத்தினர்களுக்குச் சில கூறுவோம். பழைய கருங்கண்ணி விதை வைத்திருப்போர் அதைத் தனியே காக்க வேண்டும். பக்கத்து வயலின் வீரிய ஒட்டுப் பருத்தியால் அதன் விதை கலப்படையும் என்ற அச்சம் பெரிதாக வேண்டா. 26-க்கும் 52-க்கும் உள்ள வேலி இயற்கையே போட்டது. ஆனால் நாட்டு ரகங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். ஆகையால் அவற்றை விலக்கி நடுதல் நலம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஜின்னிங் ஆலையில் கொட்டைகள் கலப்பது. விதைக்கென்று எடுத்த பருத்தியைத் தனியே அரைத்து, ரகத்தின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் சீட்டில் எழுதி வைத்தல் வேண்டும். வயலில் புதிய பூச்சியோ நோயோ கண்டால், கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்குமுன் அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டிப் பெயரை அறிந்து கொள்ளுங்கள். நெசவாளர் நாட்டுப் பருத்தி நூலுக்கு ஏற்ற தடித்த விரிப்பு, துண்டு முதலியவற்றை நெய்ய முன்வந்தால், விளைப்போருக்கும் துணிவு பிறக்கும். இவ்விரு சாராரையும் ஒன்று கூட்டவே கூட்டுறவு இருக்கிறது.

இனி ராயகிரி நண்பருக்கு விடை. புள்ளிக் காய்ப்புழுவும் சிவப்புப் பூச்சியும் வெண்டை, பருத்தி, பூவரசு ஆகிய ஒரே குடும்பத்தாரின் சாற்றுக்கும் சதைக்கும் பழகியவை. சோளம் அவற்றுக்கு அயல் வீடு. எல்லாப் பூச்சியும் இப்படி உறவு பார்ப்பதில்லை. பச்சைக் காய்ப்புழு தக்காளியையும் துவரையையும் கடலையையும்கூட விடாது. ஆனால் உறவு பார்க்கும் பூச்சிகளை அடக்க வழி உண்டு. பருத்தி முடிந்த நிலத்தில் வெண்டையைத் தொடர்ந்து போடாமலும், பருத்திக்குப் பக்கத்திலேயே வெண்டையை வைக்காமலும், பருவம் முடிந்ததும் பருத்தி மாரை வயலில் நிறுத்தாமலும், வரப்பில் துத்தியை மண்ட விடாமலும் பார்த்துக் கொள்க.

இதை நாம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பூவரசை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இத்தனை நாளாக வேலிக்கு நின்றது பருத்திக்குப் பெரியப்பன் முறையா!” என்றார். அருகிருந்த நெசவாளர் உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்தார். காலையில் மஞ்சளாயிருந்து மாலையில் சிவந்திருந்தது அது. பருத்திப் பூவும் அவ்வாறே நிறம் மாறுவதைப் பல்லாண்டு கண்டும் இரண்டையும் சேர்த்து எண்ணவில்லை என்று அவர் சொன்னார். மறுநாள், தம் பாட்டனார் வீட்டுப் பரணில் பழைய கருங்கண்ணிக் கொட்டை ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவரப் போவதாகவும் கூறினார். நமது அங்கத்தினர் யாவரும் தத்தம் பரணை ஒருமுறை பார்ப்பார்களாக.